உப்பளத்துப் படங்களில் நம் முகம் ஏன் விழவில்லை?

எங்கள் தெருவில் ஸ்டூடியோ மாமா என்றால் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளையூரணிப் பக்கம் எங்கள் ஆட்களின் கல்யாணம், சடங்கு, அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம், சாவு எதுவானாலும் கேமராவோடு வந்து நிற்பவர் அவர்தான். இளவயதில் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் பத்து வருஷம் டார்க்ரூம் வேலை பார்த்தார். படம் கழுவலாம், பிரிண்ட் போடலாம், கேமராவை மட்டும் தொடக் கூடாது. பிறகு கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு கேமரா வாங்கினார். டிஜிட்டல் வந்ததும் கடையை மூடினார். அவர் இறந்த பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டு ஒரு தகரப்பெட்டியைக் காட்டினார்.

"ஏளா, இத பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுரவா? இல்ல ஒனக்கு வேணுமா?"

பெட்டி நிறைய நெகட்டிவ். ஆறு ஆறு பிரேமாக வெட்டி உறையில் போட்டவை. உறைகளின் மேல் அவர் கையெழுத்தில் சுருள் எண். சிலவற்றில் மட்டும் தேதி. அடியில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிம் டப்பாக்கள் சில. உப்புக்காற்று ஊரில் இத்தனை வருஷம் கிடந்ததால் சில பட்டைகள் உறையோடு ஒட்டியிருந்தன. சிலவற்றில் பூஞ்சை.

அந்தப் பெட்டியை என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்று எழுதச் சொல்லி மாணவத் தோழர்கள் சிலர் கேட்டார்கள். அவர்கள் கேட்டது ஸ்கேனரைப் பற்றி. ஆனால் ஸ்கேனரைப் பற்றி மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

சமூகவியல் படித்தவர்களுக்கு எட்கர் தர்ஸ்டனைத் தெரியும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். நம் கடற்கரைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு பற்றி 1890-ல் எழுதியவர் அவர். முத்துச்சிப்பிகளை ஆராய்ந்தவர், பிறகு மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909-ல் ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதிலுள்ள படங்களின் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது; சாதியின் பெயர்தான் இருக்கும். எம்.ஏ. வகுப்பில் இதை நான் கடுமையாக விமர்சித்துக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என் தலையிலேயே வந்து விழும்.

தெருப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, 35 எம்.எம். பிலிம் ஸ்கேனர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். அதோடு வந்த பழைய குறுந்தகடு எங்கள் லேப்டாப்பில் திறக்கவே இல்லை. இரண்டு நாள் போராடிய பிறகு ஒரு தம்பி வியூஸ்கேன் என்ற மென்பொருளைக் கண்டுபிடித்தான். கம்பெனிகள் கைவிட்டுவிட்ட பல பழைய ஸ்கேனர்களை அது இன்னும் ஓட்டுகிறது. இலவசமாக முயன்று பார்க்கலாம், ஆனால் படத்தின் மேல் முத்திரை விழும். பிலிம் ஸ்கேன் செய்ய அதன் புரொஃபஷனல் பதிப்பு வேண்டும். மறுபடியும் வசூல்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்திக் கையுறை போட்டு, பட்டையை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஊதுகுழலால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பூஞ்சை பிடித்ததைத் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரையும், படமும் போய்விடும். பளபளப்பான பக்கம் எது, மங்கலான பக்கம் எது என்று பார்த்து வையுங்கள். மாற்றி வைத்தால் இடம் வலமாகிவிடும். படத்தில் கொடியோ தட்டியோ இருந்தால் எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இல்லையென்றால் சேலை முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறது என்று பாருங்கள்.

எவ்வளவு டிபிஐ? பெட்டியில் 7200 என்று போட்டிருந்தாலும், இந்த வகைச் சின்ன ஸ்கேனர்கள் உண்மையில் தரும் நுணுக்கம் அதில் பாதிகூட இருக்காது. நாங்கள் 3600 வைத்தோம். ஒரு பிரேமுக்கு 1.7 கோடி புள்ளிகள் வரும். செயலாக்கம் எதுவும் செய்யாத ரா கோப்பாக, அகச்சிவப்புத் தடத்தோடு சேர்த்துச் சேமித்தால் ஒரு கலர் பிரேம் சுமார் 140 எம்.பி., 36 பிரேம் சுருள் 5 ஜி.பி. இடத்தை அடைக்கும்தான். ஆனாலும் ரா கோப்பையே வையுங்கள். பின்னால் எந்த மாற்றம் வேண்டுமானாலும் அந்தக் கோப்பிலிருந்தே செய்யலாம், நெகட்டிவை மறுபடி தொட வேண்டியதில்லை. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்துப் புரியும்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அம்மா உப்பு வாரும் படம் ஒன்று உண்டு. வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம், வெள்ளை வானம், நடுவில் கறுப்பாக ஓர் உருவம். கண் தெரியாது, மூக்கு தெரியாது. தெருவில் எல்லார் வீட்டிலும் இதே மாதிரி படம்தான். "நாம கருப்புல்லா, படத்துல விழ மாட்டோம்" என்று சொல்லிச் சொல்லியே சிரித்திருக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தப் படத்தின் நெகட்டிவ் பெட்டியில் கிடைத்தது. முதலில் ஆட்டோவில் ஸ்கேன் செய்தோம். ஆல்பத்தில் இருந்த அதே கறுப்பு உருவம். தம்பி விடவில்லை. ஆட்டோ லெவல்ஸை எடுத்தான். அதே சுருளின் படம் விழாத நுனியை வைத்து எக்ஸ்போஷரைப் பூட்டினான், பிலிமின் அடிநிறத்தைப் பூட்டினான். பிறகு அந்தப் பிரேமை ஓட்டினான். திரையில் அம்மா. நெற்றியில் வேர்வை, பல் தெரியாத சிரிப்பு, புருவத்தில் உப்புத் தூள். அம்மாவுக்கு அப்போது என்னைவிடச் சின்ன வயசு.

நடந்தது இதுதான். நெகட்டிவில் உப்பு இருக்கும் பகுதி அடர்த்தியாக இருக்கும், முகம் இருக்கும் பகுதி மெல்லியதாக இருக்கும். லேபில் இருந்த தானியங்கி பிரிண்டிங் மெஷினுக்கு உப்பு தெரியாது, உப்பளம் தெரியாது. இவ்வளவு அடர்த்தியா என்று கூடுதல் ஒளி கொடுத்து எல்லாவற்றையும் சராசரிக்கு இழுத்தது. முகங்கள் கறுத்து மூழ்கின. எங்கள் மென்பொருளும் ஆட்டோவில் வெள்ளையைப் பார்த்தே அளவைத் தீர்மானித்தது. மாமா தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். உப்பின் வெள்ளையைப் பார்த்தால் கேமராவின் மீட்டரும் ஏமாந்து ஒளியைக் குறைக்கச் சொல்லும். அதை நம்பாமல் முகத்துக்காக ஒளியைக் கூட்டித் திறந்திருக்கிறார். அது நெகட்டிவில் தெளிவாகத் தெரிகிறது. கேமராவைத் தொடவிடாத இடத்தில் வேலை பார்த்தவர் இதை யாரிடம் கற்றாரோ.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கோடக் கம்பெனி, லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைப் பல காலம் அளவுகோலாக அனுப்பியது. 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பின மக்களின் முகங்கள் ஒழுங்காக விழாதது பெரிய குறையாகப் படவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி செய்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று புகார் செய்த பிறகே பிலிமில் மாற்றம் வரத் தொடங்கியது என்று லோர்னா ராத் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். நம் தோல் படத்தில் விழாது என்பது பொய். விழுந்த முகத்தை அழித்தது, யாரையோ நடுவில் வைத்துச் செய்த ஒரு சராசரி.

நாங்களும் அழித்தோம். தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி ஒன்று உண்டு. கலர் நெகட்டிவில் அருமையாக வேலை செய்யும். அதே வசதியை அணைக்காமல் இரண்டு கறுப்பு வெள்ளைச் சுருள்களை ஓட்டிவிட்டோம். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள்தான். அகச்சிவப்பு அதைத் தாண்டிப் போகாது. மென்பொருள் படத்தையே அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. முகங்களெல்லாம் மெழுகாக உருகினாற்போல் வந்தன. ரா கோப்பும் வைத்திருக்கவில்லை. இரண்டு சுருளையும் முதலிலிருந்து ஓட்டினோம்.

அடுத்தது தேதி. தேதி என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்துக் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியது 1995 ஆகஸ்ட் 31. 2021-ல் 'கர்ணன்' படம் வந்தபோது, கதை நடப்பதாகத் திரையில் போட்ட ஆண்டைப் பற்றி எவ்வளவு சர்ச்சை நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். 1995-க்கும் 1997-க்கும் இடையே ஆட்சியே மாறிவிட்டது. இரண்டு வருஷம் பிசகினால் பொறுப்பு ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்குப் போய்விடுகிறது.

மாமாவின் ஒரு சுருளில் கடைசி ஐந்து பிரேம்களில், கூலி உயர்வு கேட்டு உப்பளத்து வாசலில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உறையில் தேதி இல்லை. ஆனால் அதே பட்டையில் அதற்கு முந்தைய பிரேம்கள் ஒரு கல்யாணம். மாமா பிலிமை வீணாக்க மாட்டார். கல்யாணத்தில் மிஞ்சியதைப் போராட்டத்துக்கு வைத்திருக்கிறார். அந்த வீட்டில் கல்யாணப் பத்திரிகை இருந்தது: 1996 தை மாதம். அடுத்த எண்ணுள்ள சுருளின் முதல் பிரேம் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம். ஆக, தைக்கும் ஏப்ரல் 14-க்கும் நடுவில் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், நல்ல படங்களை மட்டும் பொறுக்கி ஸ்கேன் செய்யாதீர்கள். ஆடிய படம், கண்மூடிய படம், வெறும் பிரேம் எல்லாவற்றையும் வரிசை மாறாமல், பிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணோடு செய்யுங்கள். பட்டையின் வரிசைதான் சாட்சி.

இனி என் கதை. அந்த ஐந்து படங்களையும் சமுதாயக்கூடத்தில் லேப்டாப்பில் போட்டுக் காட்டினோம். கீழே நான் எழுதியிருந்த குறிப்புகளை ஒரு பிள்ளை சத்தமாக வாசித்தாள்: "உப்பளத் தொழிலாளி, பெண், 1. உப்பளத் தொழிலாளி, பெண், 2. உப்பளத் தொழிலாளி, பெண், 3."

முன்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மா கேட்டார்: "மூணாவது நாந்தான? எனக்குப் பேரு கெடையாதா? ஒங்க மாமன் எங்க பேரக் கேட்டுத்தான ஒக்கார வச்சி எடுத்தான்?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தர்ஸ்டனைத் திட்டிக் கட்டுரை எழுதியவள் செய்த வேலை இது. அவர் மூக்கை அளந்தார், நான் நம்பர் போட்டேன்.

பெரியம்மா திரையில் விரலை வைத்து, இடமிருந்து வலமாகப் பதினொரு பேரின் பெயரையும் சொன்னார். யார் மகள், எந்த உப்பளத்தில் வாருவாள், அன்றைக்கு யார் கைப்பிள்ளையோடு வந்தாள் என்று எல்லாம் சொன்னார். அவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. மறுநாள் காலை, அந்த இருவரில் ஒருவரின் மகள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் அம்மாவுக்கு வேறு படமே கிடையாதாம். பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, அம்மாவக் கொஞ்சம் கலராக்கித் தாரியளா?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஷெர்லி கார்டு இருந்தது, பெரியார் இருந்தார். எதையும் சொல்லவில்லை. இரண்டு பிரிண்ட் கொடுத்தேன், ஒன்று மாற்றாதது, ஒன்று அவர் கேட்டது. எங்கள் சேமிப்பில் மாற்றாததுதான் இருக்கிறது. அவர் வீட்டில் மாட்டியிருப்பது வெளுத்ததை. எனக்கு வருத்தம்தான். ஆனால் அம்மா அவருடையவர்.

இப்போது எங்கள் முறை இது. கோப்பின் பெயரில் சுருள் எண்ணும் பிரேம் எண்ணும் மட்டும். ஆட்களின் பெயர், இடம், யார் சொன்ன தகவல் என்பதெல்லாம் படத்தோடு சேர்ந்தே இருக்கும் குறிப்பில், தமிழில். வீட்டோடு இருக்க வேண்டியதா, தெருவில் காட்டலாமா, வெளியே கொடுக்கலாமா என்று படத்தில் இருப்பவரையோ அவர் வீட்டாரையோ கேட்டு எழுதுகிறோம். மூன்று பிரதிகள் உண்டு. அதில் ஒன்று வேறு ஊரில். நெகட்டிவ்கள் புது உறையில், சிலிக்கா ஜெல்லோடு, அத்தை வீட்டிலேயே இருக்கின்றன. அவை அத்தையின் சொத்து.

தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பாதுகாக்கும் வேலை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வழியாக நடந்திருக்கிறது. நேபாளப் பட நூலகம் தலித் மக்களின் படங்களைத் தொகுத்துக் கண்காட்சியே வைத்தது. அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் தெருத் தகரப்பெட்டிக்கு அவர்கள் வரும்வரை பூஞ்சை காத்திருக்காது. மழைக்காலத்துக்கு முன் உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

இந்தப் பதிவோடு ஏன் ஒரு படம்கூட இல்லை என்று கேட்பீர்கள். பதினொரு பேர் வீட்டிலும் கேட்டேன். ஏழு வீட்டில் போடலாம் என்றார்கள், நான்கு வீட்டில் வேண்டாம் என்றார்கள். "நெட்டுல போட்டா எவனாவது கீழ என்னமாச்சும் எழுதுவான்" என்றார் ஒருவர். அந்த நான்கு பேரை வெட்டிவிட்டு மீதிப் படத்தைப் போடலாம்தான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பார்க்க வேண்டும் என்றால் மாப்பிள்ளையூரணிக்கு வாருங்கள். பெரியம்மாவே உட்கார்ந்து பெயர் சொல்லிக் காட்டுவார்.

ஜெய்பீம்.