பொம்மைக்கு ஏழு கொய்யகம்

போன டிசம்பர் லீவில் எங்கட மகளுக்கு 'ஸ்டொப் மோஷன்' படம் எடுக்கிற பைத்தியம் பிடித்தது. 'வாலஸ் அண்ட் கிரோமிட்' பார்த்து வளர்ந்த எங்களுக்குத் தெரிந்த விசயம்தான். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ. தியேட்டர் படங்களில் ஒரு செக்கனுக்கு 24. வீட்டில் 12 போதும்.

கதை: அம்மம்மா பஸ் பிடிக்க ஓடுகிறார். மகளுக்குப் பத்து வயது. அம்மம்மா எங்களோடுதான் லண்டனில் இருக்கிறார். ஆனால் இருவருக்கும் இடையில் "சாப்பிட்டியா?", "ஓம்" தவிரப் பெரிதாகப் பேச்சில்லை. மிச்சத்துக்கு நடுவில் நான் நிற்க வேணும். உங்கள் வீட்டிலும் இப்படித்தானோ?

அலுமினியக் கம்பியை முறுக்கி எலும்பு, அதைச் சுற்றி ஸ்பொஞ்ச். பாதத்தில் ஒரு நட் வைத்து, பலகைக்குக் கீழிருந்து ஸ்க்ரூ முடுக்கினால் பொம்மை ஒற்றைக் காலிலும் நிற்கும். இதெல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. சீலைதான் சிக்கல்.

பொம்மை 20 செ.மீ.; அம்மாவின் உயரத்தில் எட்டில் ஒன்று. அந்தக் கணக்கில் ஐந்தரை மீற்றர் சீலைக்கு 70 செ.மீ. துணி வேணும். நீளத்தை எட்டால் பிரிக்கலாம், துணியின் தடிப்பை எப்படிப் பிரிக்கிறது? மகள் வெட்டிய பட்டுத்துண்டு குடை மாதிரி விரிந்து நின்றது. 2009இல் வந்த 'கோரலைன்' படத்துக்கு அல்தியா குரோம் என்பவர் கம்பி போன்ற மெல்லிய ஊசிகளால் குட்டி ஸ்வெட்டர் பின்னியது சும்மா இல்லை.

சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழும்பி வந்தார். சுன்னாகத்தில் ஊருக்கே சட்டை தைத்துக் கொடுத்தவர்.

"பட்டு விறைச்சுக்கொண்டுதான் நிக்கும், பிள்ளை. என்ர பழைய நூல் சீலையை எடுத்துக்கொண்டு வா. தோய்ச்சுத் தோய்ச்சு மெலிஞ்சுபோச்சு."

மகள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே போய் எடுத்துவந்தாள்.

விளிம்புக்குள் மெல்லிய கம்பி வைத்துத் தைக்க வேணும் என்று அவள் கையால் காட்டினாள். பெரிய ஸ்டூடியோக்களிலும் அப்படிச் செய்வார்கள். ஒவ்வொரு போட்டோவுக்கும் துணியை வளைத்து, காற்றில் பறப்பதுபோலக் காட்டலாம். அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. பிறகு சண்டை. "ஐஞ்சு போதும், அம்மம்மா." "ஐஞ்சோ? ஏழு வை." நான் குசினியில் நின்றேன், நடுவில் போகவில்லை. இரவு "ப்ளீட்ஸ் வடிவாயிருக்கு" என்றேன். "அது கொய்யகம், அம்மா" என்று திருத்தினாள்.

அம்மாவுக்குக் கை நடுங்கும். பொம்மையைத் தொட்டால் சீலை அசைந்து, படத்தில் துடிக்கிற மாதிரித் தெரியும். அதனால் பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் அவர் வேலை. "நான் உப்பிடியோ ஓடுறனான்? என்ர வலது முழங்கால் மடங்காது." மகள் அவரை ஹோலில் நாலு தரம் நடக்கவிட்டுப் பார்த்தாள். பிறகு எடுத்த 40 போட்டோவையும் அழித்துவிட்டு, வலது காலை விறைப்பாக வைத்துத் திரும்பத் தொடங்கினாள்.

படம் 11 செக்கன், 132 போட்டோ. கடைசியில் பஸ் நின்று அம்மம்மாவை ஏற்றுவதாகத்தான் மகள் எழுதியிருந்தாள். அம்மா விடவில்லை.

"எனக்கு எந்த பஸ் நிண்டது? அது போகட்டும்."

டிஷ்யூப் பெட்டி பஸ் போய்விட்டது.