பம்பில பிழை இல்ல

2025 பெப்ரவரி, பெரும்போக வெள்ளாமை வெட்டுற நேரம். எங்கட லொறி நெல் மூட்டைகளோட ஆயித்தியமலை ரோட்டில் நின்றுபோனது. சின்ன லொறிதான், பழைய ஜப்பான் வண்டி, பெற்றோலில் ஓடுவது. காலையில் திறப்பைத் திருப்பின உடனே ஸ்டார்ட் ஆகும். பாரம் ஏற்றி மூன்று நான்கு கிலோமீற்றர் போனால் இழுவை குறையும், திக்கித் திக்கி ஓடும், பிறகு நின்றுவிடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் திரும்பவும் ஸ்டார்ட் ஆகும். வானம் இருட்டிக்கொண்டு வர, காயாத நெல்லை ஏற்றிக்கொண்டு ரோட்டோரத்தில் நிற்பது லேசான விசயம் இல்லை. ஈரம் கூடினால் விலை இறங்கும். மூட்டைக்குள்ளேயே நெல் சூடேறத் தொடங்கும்.

வேற வண்டி வாங்கலாமே என்று கேட்பீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. உன்னிச்சைப் பக்கம் ஓடுகிற கனக்க லொறிகளைப்போல எங்கட லொறியையும் விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. திருத்தித்தான் ஓட்ட வேணும்.

நாங்கள் என்றால் மூன்று பேர்: நான், தம்பி, மாமிட மகன். ஓட்டுறது அப்பா. நோயைக் கண்டுபிடிக்கிற வேலையை நாங்களே எடுத்துக்கொண்டோம். போனில் ஒரு இரவு முழுக்க வீடியோ பார்த்ததில் ஒரு விசயம் விளங்கியது. இந்த வகை வண்டிகளில் பெற்றோல் பம்ப் டாங்கிக்குள்ளேயே இருக்கிறது, கரண்டில் சுத்துது. திறப்பை ஓன் பண்ணினதும் பின்பக்கம் இருந்து இரண்டு செக்கன் அளவுக்கு 'ங்ங்' என்று ஒரு சத்தம் வர வேணும். அது பம்ப் அழுத்தம் ஏற்றுகிற சத்தம். எஞ்சின் சுற்றாவிட்டால் கம்பியூட்டர் பம்பை நிறுத்திவிடும். விபத்து நடந்தால் பெற்றோல் பீச்சிக்கொண்டு இருக்கக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

எங்கட லொறியில் அந்தச் சத்தம் வந்தது. ஆனால் நோயாளி முனகுவது மாதிரி வந்தது.

பியூஸைப் பார்த்தோம், நல்லம். ரிலேயைக் கழற்றி, அதே மாதிரியான ஹோன் ரிலேயை அந்த இடத்தில் போட்டுப் பார்த்தோம், மாற்றமில்லை. பிறகு பம்புக்குப் போகிற பிளக்கைக் கழற்றி மீற்றரை வைத்தோம். தம்பி திறப்பைத் திருப்ப, 12.6 வோல்ட் காட்டியது. பற்றரியில் என்ன இருக்கோ அது அப்படியே வருது. கரண்ட் சரியாக வருகிறது, பம்ப் ஓடுதில்ல, அப்ப பம்ப்தான் செத்துப்போச்சு.

இதோடு நிறுத்தியிருந்தால் காசு மட்டும்தான் போயிருக்கும். நாங்கள் காரணமும் கண்டுபிடித்தோம். டாங்கிக்குள் இருக்கிற பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றி நிற்கிற பெற்றோல்தான். டாங்கி அடிக்கடி வற்றினால் பம்ப் சூடாகிக் கெடும். இது உண்மை, வீடியோவிலும் சொன்னார்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில், யூலையில் கியூ.ஆர். வந்த பிறகும்கூட, அப்பா எந்த நேரமும் ஊசி அடியில் கிடக்கத்தான் ஓடினவர். இப்பவும் அந்தப் பழக்கம் போகவில்லை, காற் டாங்கிக்கு மேல் அடிக்க மாட்டார். சாப்பாட்டுக்கு இருந்தபோது நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம்: “நீங்கதான் பம்பைச் சுட்ட நீங்க.” அப்பா ஒன்றும் பேசவில்லை. கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார்.

வலையிறவுப் பாலம் தாண்டி மட்டக்களப்புக்குப் போய்ப் புது பம்ப் வாங்கினோம். சேர்த்து வைத்த மகாபொலக் காசு அதோட சரி. போட்ட அன்றைக்குச் சத்தம் நன்றாக இருந்தது, லொறியும் இழுத்தது. நாலாம் நாள் அதே ரோட்டில், பாரத்தோட, திரும்பவும் நின்றது.

அப்போதுதான் அம்மா சொல்லி மாமா வந்தார். முந்தி பஸ்களுக்கு வயறிங் செய்தவர். கையில் கொண்டுவந்தது ஒரு பழைய ஹெட்லைட் பல்ப், இரண்டு வயர் ஒட்டினது, அவ்வளவுதான். நாங்கள் மீற்றரில் பார்த்த கணக்கைச் சொன்னோம். சிரித்தார்.

“மீற்றருக்கு என்ன மனே சாப்பாடு வேணும்? ஒண்டுமில்ல. பம்புக்குத்தான் வேணும்.”

பிறகு விளங்கப்படுத்தினார். டிஜிட்டல் மீற்றருக்குள் சாதாரணமாக ஒரு கோடி ஓம் தடை இருக்கும். அதனால் அது எடுக்கிற கரண்ட் இல்லாத மாதிரித்தான். கறள் பிடித்த வயரில், ஒரே ஒரு இழை மிச்சமாக இருந்தாலும், மீற்றர் 12.6 என்றுதான் காட்டும். ஆனால் பம்ப் நாலு ஐந்து அம்பியர் கேட்கும். வழியில் ஒரே ஒரு ஓம் தடை கூடினால், ஐந்து அம்பியர் போகிறபோது ஐந்து வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மிச்சம் ஏழெட்டு வோல்டில் பம்ப் சுத்தும், ஆனால் அழுத்தம் வராது. வெறும் வண்டி ஓடும், பாரம் ஏற்றினால் நிற்கும். அந்தக் கெட்ட மூட்டு ஓட ஓடச் சூடேறி இன்னும் மோசமாகும், ஆறினால் கொஞ்சம் தேறும். எங்கட அரை மணித்தியாலக் கதை அதுதான்.

அவர் செய்தது மூன்று வேலை. பம்ப் பிளக்கைக் கழற்றி, பம்ப் இருக்கிற இடத்தில் பல்பைக் கொடுத்தார். 55 வாற் பல்ப் நாலரை அம்பியர் அளவு எடுக்கும், பம்புக்குக் கிட்ட. தம்பி திறப்பைத் திருப்ப, அந்த இரண்டு செக்கனும் பல்ப் மஞ்சளாக மங்கி எரிந்தது. அப்ப பிழை வயரில், பம்பில் இல்லை. அடுத்தது, பல்பின் ஒரு வயரைப் பிளக்கின் பிளஸில் விட்டு, மற்றதைக் கழற்றி ஒரு நீள வயரால் நேரே பற்றரியின் மைனஸுக்குக் கொண்டுபோனார். பளிச்சென்று எரிந்தது. அப்ப பிளஸ் பக்கம் நல்லம். மிச்சம் இருக்கிறது ஏர்த் மட்டும்தான். கடைசியாகத்தான் எங்கட மீற்றரை வாங்கினார். பம்பைத் திரும்ப இணைத்து, அது சுத்துகிற நேரத்தில் பம்பின் ஏர்த் வயருக்கும் பற்றரி மைனஸுக்கும் நடுவில் அளந்தார். ஒரு வோல்டில் பாதிகூட வரக்கூடாத இடத்தில் நாலு வோல்ட் நின்றது.

அந்த ஏர்த் வயர் டாங்கிக்கு மேலால் போய் சேஸியில் ஒரு போல்ட்டில் ஏறுது. மேல் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றினபோது போல்ட்டுக்கு அடியில் கறள்தான், இரும்பு இல்லை. 2024 நவம்பர் கடைசி வெள்ளத்தில், ரோட்டுக்கு மேலால் தண்ணி பாய்ந்துகொண்டிருக்க, வட்டைக்குள் அகப்பட்ட ஆட்களை ஏற்றிவர அப்பா இந்த லொறியை இறக்கினவர். தண்ணி சேஸிக்கு மேல் வந்தது என்று அப்பவே சொன்னவர். நாங்கள் மறந்துபோனோம். புது பம்ப் போட்ட அன்று லொறி இழுத்ததற்கும் காரணம் அதுதான்: வயரை ஆட்டினதில் மூட்டு கொஞ்சம் பிடித்திருக்கிறது.

பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, சேஸியைச் சுரண்டி, புது லக் போட்டு இறுக்கி, கிரீஸ் பூசினோம். சந்தேகத்துக்கு இன்னொரு ஏர்த் வயரும் இழுத்தோம். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. இதைப் பார்த்து நீங்களும் செய்யப்போனால் ஒன்று: டாங்கிப் பக்கத்தில் பெற்றோல் மணம் இருந்தால் பல்பையும் வயரையும் தொடாதீர்கள். ஒரு பொறி போதும்.

அடுத்த கிழமை பழைய பம்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். நாங்கள் செத்ததென்று கழற்றின பம்ப். கணீரென்று சத்தம் போட்டது. இப்பவும் அதுதான் ஓடுது. புதுசு பெட்டியோட அலுமாரிக்கு மேல் கிடக்கு.

உயர்தரத்தில் அளவையியல் படித்தவர்கள்தான் நாங்கள். பம்ப் செத்தால் வண்டி நிற்கும் என்பதால், நின்ற வண்டியிலெல்லாம் பம்ப் செத்திருக்கும் என்று ஆகாது. பரீட்சையில் இதைப் பிழை என்று எழுதிப் புள்ளியும் எடுத்தோம். டாங்கி வற்றினால் பம்ப் சுடும் என்பதும் உண்மைதான். அந்த உண்மை கையில் இருந்ததால்தான், சோதித்துப் பார்க்காமலே அப்பாவைப் பிடித்துக் குற்றம் சொல்ல எங்களுக்கு அவ்வளவு லேசாக இருந்தது.

அன்று பின்னேரம் மூன்று பேரும் அப்பாவிடம் போனோம். யார் தொடங்குவது என்று தெரியாமல் நின்றோம். தம்பிதான் சொன்னான்: “அப்பா, பம்பில பிழை இல்ல.”

“அது தெரியும்” என்றார். பிறகு, “மாமா தேத்தண்ணி குடிச்சவரா?” என்று கேட்டார்.

அந்தப் பல்பை மாமா எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். இப்போது லொறியின் டாஷ்போட்டுக்குள் கிடக்கு. அப்பா இன்னும் காற் டாங்கிக்கு மேல் அடிப்பதில்லை. அது பம்புக்கு நல்லதில்லை என்று சொல்லத்தான் வேணும். ஆனால் கொஞ்ச நாளைக்கு அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வராது.