சார்டிலின்: செல்லுக்குள் தபால் பிரிக்கும் மூலக்கூறு

அம்பத்தூருக்கு 600053. ஆவடிக்கு 600054. பூந்தமல்லிக்கு 600056. இந்த ஆறு இலக்கம் சரியாக இருந்தால், தெருப் பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் கடிதம் ஊர் வந்து சேர்ந்துவிடும். மனித உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏறக்குறைய இதே வேலைதான் நடக்கிறது. செல் தயாரிக்கும் புரதங்களில் சில வெளியே போக வேண்டும், சில மேல் சவ்வில் போய் உட்கார வேண்டும், சில 'லைசோசோம்' என்கிற சின்னப் பைக்குள் போக வேண்டும். லைசோசோம்தான் செல்லின் குப்பை கையாளும் இடம். எது எங்கே என்று பிரித்து அனுப்பும் மூலக்கூறுகளில் ஒன்றின் பெயர் சார்டிலின். 'சார்ட்டிங்' என்ற சொல்லிலிருந்தே வந்த பெயர்.

பி.காம் படிப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2021 ஜூலையில் கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனம், கலிஃபோர்னியாவின் அலெக்டர் என்ற சிறிய கம்பெனியுடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. சார்டிலினைக் குறிவைக்கும் இரண்டு மருந்துகளுக்காக முன்பணம் மட்டும் 70 கோடி டாலர்! மருந்து வேலை செய்யுமா என்று முழுதாகத் தெரியும் முன்பே கொடுக்க ஒப்புக்கொண்ட பணம் அது.

எதை நம்பி? அதற்கு ஒரு நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு இந்த நோய் என்று அவர் குடும்பத்தார் 2023 பிப்ரவரியில் அறிவித்தபோதுதான் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள். டிமென்ஷியா என்றாலே மறதி என்று நினைப்போம். இதில் பல பேருக்கு மறதி முதலில் வருவதில்லை. குணம் மாறும், பேச்சு குறையும், யாரைப் பற்றியும் அக்கறை இல்லாமல் போகும். பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே ஆரம்பித்துவிடும். ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் திடீரென்று கூச்சமில்லாமல் பேசினால், பணத்தைக் கண்டபடி செலவழித்தால், வீட்டில் என்ன சொல்வார்கள்? "அவருக்குத் திமிர்" என்பார்கள். நோய் என்று தோன்றவே வருடங்கள் ஆகும்.

இந்த நோயாளிகளில் ஒரு சிறு பகுதியினருக்கு, புரோகிரானுலின் என்ற புரதத்துக்கான மரபணுவில் கோளாறு இருப்பது 2006-ல் தெரியவந்தது. அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என்று வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று வேலை செய்யாது. அதனால் இரத்தத்தில் அந்தப் புரதம் பாதி அளவோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். 2010-ல் அடுத்த துண்டு கிடைத்தது: செல்லுக்கு வெளியே இருக்கும் புரோகிரானுலினைப் பிடித்து உள்ளே இழுத்து லைசோசோமுக்கு அனுப்புவது சார்டிலின்தான்.

கணக்கு எளிது. வரவைக் கூட்ட முடியவில்லையா, செலவைக் குறை. சார்டிலினைத் தடுத்தால் புரோகிரானுலின் வெளியே தங்கும், அளவு கூடும். இப்படி உருவானதுதான் லேடோசினெமாப் என்ற மருந்து. கொடுத்துப் பார்த்தார்கள், இரத்தத்தில் அளவு உண்மையிலேயே ஏறியது.

2025 அக்டோபரில் மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வந்தது. அரிய நோய் என்பதால் நூறு பேருக்குச் சற்று அதிகமானவர்களே கலந்துகொண்டார்கள், 96 வாரம். புரோகிரானுலின் அளவு எதிர்பார்த்தபடியே உயர்ந்திருந்தது. ஆனால் நோய் மெதுவாகவில்லை. மூளை ஸ்கேனிலும் பலன் இல்லை. அலெக்டர் தன் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. 96 வாரம் ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்த குடும்பங்களின் நஷ்டம் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.

ஏன் இப்படி ஆனது? உறுதியான பதில் இன்னும் இல்லை. நோய் முற்றிய பிறகு மருந்து கொடுத்தது காரணமாக இருக்கலாம். இன்னொரு சந்தேகமும் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபாக்டரி வாசலில் சரக்கு லாரிகள் வரிசையாக நிற்கின்றன என்று வையுங்கள். உள்ளே மெஷின் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தமா? கேட்டை மூடி வைத்திருந்தாலும் லாரிகள் வெளியே சேரத்தானே செய்யும்! புரோகிரானுலின் வேலை செய்ய வேண்டிய முக்கியமான இடம் லைசோசோம். அதற்குள் போக வேறு வழியும் உண்டு என்பது உண்மை. ஆனாலும் சார்டிலின் என்ற கேட்டை மூடிவிட்டு வெளியே அளவெடுத்தால், உள்ளே போதுமான அளவு போய்ச் சேர்ந்ததா என்பது அதில் தெரியாது.

இங்கேதான் 'பயோமார்க்கர்' என்ற சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். யாருக்கு மரபணுக் கோளாறு இருக்கக்கூடும் என்று காட்ட புரோகிரானுலின் இரத்தப் பரிசோதனை இன்றும் நல்ல அடையாளம். மருந்து தன் இலக்கைத் தொட்டதா என்றும் அது காட்டும். நோயாளி தேறுகிறாரா என்று அது காட்டவில்லை. கல்லூரியில் அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் தாண்டினால் பரீட்சை எழுதலாம், அவ்வளவுதான். பாஸ் என்று யாரும் சொல்லவில்லையே!

சார்டிலினின் கதை இதோடு முடியவில்லை. அதன் மரபணு இருக்கும் பகுதிக்கும் கெட்ட கொலஸ்ட்ராலுக்கும் தொடர்பு உண்டு என்று 2008-லேயே தெரிந்தது. ஆனால் சார்டிலின் கூடினால் கொலஸ்ட்ரால் குறைகிறது என்று ஓர் ஆய்வும், சார்டிலினே இல்லாத எலிகளில்தான் குறைகிறது என்று இன்னோர் ஆய்வும் 2010-ல் ஒன்றுக்கொன்று எதிராக வந்தன. சில புற்றுநோய் செல்களில் சார்டிலின் அதிகம் இருப்பதால், அதையே கதவாக வைத்து மருந்தை உள்ளே அனுப்பும் முயற்சி கனடாவில் நடந்தது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு ஏதோ ஒரு வகை டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சென்னையின் மேற்குப் பக்கம் இருப்பவர்களுக்கு உதவி தூரத்தில் இல்லை. அண்ணா நகர் மேற்கு விரிவில், 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பு இருக்கிறது. முதியோர் டிமென்ஷியாவுக்கென்று 'டெம்கேர்ஸ்' என்ற பிரிவும் அங்கே உண்டு. வீட்டில் ஒரு பெரியவரின் குணம் காரணமில்லாமல் மாறினால், திமிர் என்று திட்டுவதற்கு முன்னால் ஒரு டாக்டரிடம் காட்டலாம்.

"புதிய மருந்தால் இரத்தத்தில் அளவு கூடியது" என்று பேப்பரில் அடுத்த முறை செய்தி வரும்போது, அதற்கு அடுத்த வரியையும் தேடிப் படியுங்கள். நோயாளி எப்படி இருக்கிறார் என்று அதில் இருக்கிறதா?