மண்ணெண்ணெய் படக் கூடாத இடம்

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் இன்னமும் எங்கள் பழைய கார்களை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஏ40, மொறிஸ் மைனர். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து வெளியே எடுக்கும் கார்கள் இங்கே கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் ஓடிக் களைத்தவை. அவற்றில் ஒன்றின் பிறேக்கைப் பிரித்துப் பூட்டியபோது கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

1990இல், போரின் நடுவே, பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் நின்றது, உதிரிப்பாகங்கள் நின்றன. மண்ணெண்ணெய்தான் எல்லாவற்றுக்கும் என்றாகிவிட்டது. ஜாம் போத்தல் விளக்கு அதில் எரிந்தது. காரும் அதில்தான் ஓடியது. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஏற்றம் வந்தால் எஞ்சின் தட்டும், வீதி முழுக்கப் புகை. ஆனாலும் ஓடியது.

சண்டிலிப்பாயில் அப்பாவின் மொறிஸ் மைனருக்கு அந்த நாட்களில்தான் பிறேக் இறங்கத் தொடங்கியது. மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல மெல்லத் தரைக்குப் போகும். நாலு சில்லுகளையும் பார்த்தோம், எங்கும் ஈரமில்லை. பிறேக் ஒயில் வெளியே போகவில்லையென்றால், பெடலின் அமுக்கத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்ரர் சிலிண்டருக்குள்ளேயே றப்பரைத் தாண்டிப் பின்னால் போகிறது என்று அர்த்தம். மைனரில் அந்தச் சிலிண்டர் சாரதியின் காலடியில், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். கம்பளத்தைத் தூக்கி, தகட்டைக் கழற்றினால்தான் அதன் மூடியே தெரியும்.

மாசியப்பிட்டிப் பக்கம் கராச் வைத்திருந்த அண்ணை அதைக் கழற்றி, உள்ளே இருந்த றப்பரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பக்கத்தில் வேறொரு காரின் நல்ல றப்பர். நல்லது கிண்ணம்போல விளிம்பு கூராக, அமத்தினால் திரும்பி நிமிர்ந்தது. எங்களுடையது ஊதி, விளிம்பு மழுங்கி, விரலில் கறுப்பாக ஒட்டியது.

"ஆரோ மண்ணெண்ணெயால கழுவியிருக்கினம், தம்பி. இல்லாட்டி எஞ்சின் ஒயில் விட்டிருக்கினம்."

பிறேக் ஒயில் என்று சொன்னாலும் அது எண்ணெய்க் குடும்பத்தில் சேர்ந்ததல்ல. அதற்கென்று செய்த றப்பரில் மண்ணெண்ணெயோ எஞ்சின் ஒயிலோ பட்டால் றப்பர் அதைக் குடித்து ஊதிவிடும். கழுவுவதென்றால் ஸ்பிறிற்றால், அல்லது பிறேக் ஒயிலாலேயே. ஊரெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில், அது ஒரு துளிகூடப் படக் கூடாத இடம் ஒன்று அந்தக் காருக்குள் இருந்தது.

அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கைப் பிறேக்கோடு மெதுவாக ஓட்டிப் போகிறேன் என்று கெஞ்சினேன். அண்ணை சிலிண்டரைத் துணியில் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "எஞ்சினை ஏமாத்தலாம். பிறேக்கை ஏமாத்தேலாது." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா தட்டிவானில் போனா.

ஓட்டத்தை நிறுத்திவிட்ட இன்னொரு மைனரிலிருந்து நல்ல றப்பர்கள் கிடைத்தபிறகுதான் வேலை தொடங்கியது. பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் அடியில் தங்கி இரும்பை அரித்துக் குழி விழுத்தும். எங்கள் சிலிண்டரிலும் குழிகள் இருந்தன. நல்லகாலம், அவை றப்பர் ஓடும் தூரத்துக்கு அப்பால் இருந்தன. அண்ணை வெளிச்சத்தில் பிடித்து, விரல் நுனியால் தடவிப் பார்த்துத்தான் சரியென்றார். றப்பரின் விளிம்பு அமுக்கம் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் பிறேக்கே இல்லை. பெடலை விட்டதும் பிஸ்ரன் முழுதாகப் பின்னால் வர வேண்டும். வராவிட்டால் ஒயில் தொட்டிக்குத் திரும்பும் ஊசித்துளை அடைபட்டு, சில்லுகள் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பல வருடம் கழித்து லண்டனில், மச்சானின் ட்ரையம்ப் டிஆர்6 காருக்குக் கீழே படுத்திருந்தேன். 1976 வரை கொவென்றியில் செய்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். அதில் பிறேக்குக்கு இரண்டு ஒயில் சுற்று, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அமெரிக்கா 1968இலிருந்து புதிய கார்களுக்கு இப்படிப் பிரித்த பிறேக்கைக் கட்டாயமாக்கியது. இரண்டு சுற்றுக்கும் நடுவே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வால்வு. உள்ளே சின்னப் பிஸ்ரன், இரு பக்கமும் ஒரே அமுக்கம் இருக்கும்வரை நடுவில் நிற்கும். ஒரு சுற்றில் கசிந்தால் பலம் குறைந்த பக்கம் நகர்ந்து, மேலேயுள்ள சுவிச்சின் ஊசியைத் தூக்கும். சிவப்பு விளக்கு எரியும்.

மச்சானுடையதில் அந்த வால்வே கசிந்தது. பிஸ்ரனின் இரண்டு றப்பர் வளையங்களும் தேய்ந்து, ஒயில் சுவிச்சு வழியாக ஊறி வந்திருந்தது. சுவிச்சைக் கழற்றித் துளையை அடைத்துவிடலாம் என்று மச்சான் சொன்னார். பலர் அப்படித்தான் செய்கிறார்களாம். எனக்கு லாச்சியின் பூட்டுச் சத்தம் கேட்டது. மாட்டேன் என்றேன். பிறேக் ஒயிலுக்கென்றே செய்த வளையங்கள் தபாலில் வரும்வரை கார் நின்றது. பூட்டிக் காற்று எடுத்தபின்னும் விளக்கு அணையவில்லை. பிஸ்ரன் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. மற்றச் சுற்றின் காற்றுத் திருகைக் கொஞ்சம் திறந்து, பெடலை மெல்ல அமத்தினோம். நடுவுக்கு வந்தது, விளக்கும் அணைந்தது.

அப்பாவின் மைனர் இன்றைக்கும் சண்டிலிப்பாயில் ஓடுகிறது. அதற்கு ஒரே சுற்று, எச்சரிக்கை விளக்கும் இல்லை. ஒரு குழாய் போனால் நாலு சில்லும் போய்விடும். பழைமை கெடக் கூடாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் மகள் அதில் ஓட்டப் பழகத் தொடங்கியிருக்கிறாள். மைனருக்கு இரட்டைச் சுற்றுப் பொருத்தும் பாகங்கள் இங்கிலாந்தில் விற்கிறார்கள். சொல்லிவிட்டிருக்கிறேன், வந்ததும் கம்பளத்தைத் தூக்க வேண்டியதுதான்.