தற்காப்பு என்னும் சொல்லை யார் சோதிப்பது?

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை நகரி, புத்தூர், வடமாலபேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து செல்கிறது. பக்தர்களின் வழியாகவே பலரும் அறிந்த இச்சாலை, சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டக் கூலிக்கு அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்நாட்டு மலைவாழ் மக்களின் வழியாகவும் இருந்தது.

2015 ஏப்ரல் 7 அன்று விடியற்காலையில் அக்காட்டின் இரு இடங்களில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அனைவரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். கற்களாலும் அரிவாள்களாலும் தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாக ஆந்திரக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை கூறியது. காவலர் எவரும் இறக்கவில்லை. நகரி அருகே பேருந்திலிருந்து சிலர் இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டதாக, உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தனர்.

காவலரின் அச்சத்தைப் பொய்யென்று ஒதுக்கிவிட இயலாது. 2013 டிசம்பரில் இதே காட்டில் வன அலுவலர் இருவர் கொல்லப்பட்டிருந்தனர். ஆபத்தில் சிக்கியவன் தன் எதிர்ப்பைத் தராசில் நிறுத்து அளக்க இயலாது என்பதை நீதிமன்றங்களும் ஏற்றுள்ளன. எனினும் அச்சம் உண்மையாக இருப்பது வேறு. அது நியாயமானதாக இருப்பது வேறு.

அன்று நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைதுசெய்யும் முயற்சியில் அவரது உயிரைப் பறிக்க உரிமை அளிக்கவில்லை. செம்மரம் வெட்டுதல் அத்தகைய குற்றமன்று. ஆகவே, அந்தத் துப்பாக்கிச் சூட்டைச் சட்டப்படி நியாயப்படுத்த எஞ்சியிருந்தது தற்காப்பு ஒன்றே. அதற்கும் எல்லை உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 99ஆம் பிரிவு, தேவைக்கு மிஞ்சிய தீங்கைத் தடுத்தது. 100ஆம் பிரிவு, உயிருக்கோ உடலுக்கோ கொடிய ஆபத்து நேரும் என்னும் நியாயமான அச்சம் போன்ற சூழல்களில் மட்டுமே உயிர் பறிப்பதை அனுமதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இதே வரம்புகளைக் கொண்டுள்ளது. ஓடுபவன் முதுகில் பாயும் தோட்டாவுக்கு இவ்வரம்பினுள் இடமில்லை.

சாட்சியச் சட்டத்தின்படி, தற்காப்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைக் கோருபவருடையது. தன் வீட்டில் புகுந்த திருடனைச் சுட்டுவிட்ட குடிமகன் வழக்கைச் சந்திக்கிறான். அவனது கூற்றை மற்றவர்கள் சோதிக்கின்றனர். காவல்துறை மோதல்களிலோ பெரும்பாலும் இறந்தவர்கள் மீதே கொலை முயற்சி வழக்குப் பதிவாகிறது. குற்றவாளிக் கூண்டில் பிணத்தை நிறுத்தினால், சுட்டவரின் கூற்றை மறுக்க எவர் உளர்?

இக்கேள்வி ஆந்திரத்துக்குப் புதிதன்று. மோதல் மரணங்களில் தொடர்புடைய காவலர்கள் மீது வழக்குப் பதிய வேண்டும், தற்காப்பு என்பது விசாரணையில் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2009இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பின்னர் 2014இல் அந்நீதிமன்றமே, சுதந்திரமான விசாரணை உள்ளிட்ட 16 நெறிமுறைகளை வகுத்தது. அவை வகுக்கப்பட்ட ஏழாவது மாதத்தில் சேஷாசலத்தில் 20 பேர் கிடந்தனர்.

தற்காப்பு என்பது உயிரின் மதிப்பிலிருந்து பிறந்த உரிமை. கோடரி ஏந்திய கூலியாளின் உயிரும் அம்மதிப்புக்குள் அடங்கும். சுட்டவரே சாட்சியாகவும், அவரது துறையே புலனாய்வாளராகவும், அத்துறையின் அறிக்கையே முடிவாகவும் அமையும் இடத்தில், அவ்வுரிமை கொல்லும் உரிமமாகிவிடுகிறது.