சிலுவையடியில் பொங்கல் பானை

தைப் பொங்கல் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் உரிய விழாவா என்ற கேள்விக்கு மலேசியாவில் ஒரே பதில் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில், ஜனவரி நடுவில் தமிழ்த் திருப்பலி முடிந்ததும் கோயில் வளாகத்தில் கரும்பு கட்டி, கோலமிட்டு, அடுப்பு மூட்டுகிறார்கள். அதே வட்டாரத்தில் கடைவீடுகளின் மாடிகளில் கூடும் பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் அந்த நாளைக் கண்டுகொள்வதில்லை. விசுவாசிகள் பொங்கல் வைக்கக் கூடாது என்று பிரசங்கத்திலேயே சொல்லும் போதகர்களும் உண்டு. லுத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளுக்குள் இரு கருத்தும் இருக்கின்றன. இந்த வேறுபாடு விழாவின் தோற்றத்தைப் பற்றியது. பொங்கல் சூரிய வழிபாட்டில் பிறந்ததா, உழவரின் நன்றியில் பிறந்ததா, பிறந்த இடம் எதுவானாலும் இன்று அதைக் கொண்டாடுவதற்கு அது தடையா என்பதே வழக்கு.

பெட்டாலிங் ஜெயாவில் உள்ள சுங்கை வே, இந்த இரு போக்குகளும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழும் இடங்களில் ஒன்று. மலாயா அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமம் அது. 1970களில் சுதந்திர வர்த்தக வளையமும் மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்தபின், ரப்பர்த் தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் அதைச் சுற்றிக் குடியேறின. அவர்களில் தஞ்சாவூர், திருச்சி வட்டாரங்களிலிருந்து பல தலைமுறைக்கு முன்பே கத்தோலிக்கர்களாக வந்தவர்களின் வழியினர் உண்டு. நகரத்துக்கு வந்த பிறகு, தாங்களே முடிவெடுத்துக் கிறிஸ்துவை ஏற்றவர்களும் உண்டு. முதல் வகையினருக்குப் பொங்கல் தாத்தா பாட்டி காலத்திலிருந்தே கிறிஸ்தவ வீட்டில் வைக்கப்பட்ட பண்டிகை. இரண்டாம் வகையினருக்கோ அது சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிச் சூரியனைக் கும்பிட்ட காலை; தாங்கள் விட்டு வந்த வாழ்க்கையின் ஒரு பகுதி. இந்த அனுபவ வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு வெறும் வசன விவாதமாகப் பார்த்தால் விஷயத்தின் பாதி தெரியாமலே போகும்.

தோற்றம் பற்றிய சான்றுகள் எந்த ஒரு கட்சிக்கும் முழு வெற்றி தருவதில்லை. சங்கப் பாடல்களில் தைத் திங்களில் நீராடி நோன்பிருக்கும் பெண்கள் வருகிறார்கள். பொங்கல் என்ற பெயரில் அறுவடை விழா வருவதில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திர விழாவில் காவல் பூதத்துக்குப் படைக்கும் பொருள்களுள் பொங்கலும் ஒன்று. அது படையலைக் குறிக்கிறதே தவிர, தை மாத விழாவை அல்ல. இன்றைய நான்கு நாள் கொண்டாட்டமோ பல அடுக்குகள் சேர்ந்தது. போகி இந்திரனோடு தொடர்புபடுத்தப்படுகிறது. தை முதல் நாள் சூரியன் மகர ராசிக்குள் நுழையும் சங்கராந்தி. இந்தியாவின் பல மாநிலங்களில் வேறு பெயர்களில் கொண்டாடப்படுவது. மாட்டுப் பொங்கல் உழவுக்கு உதவிய உயிர்களுக்கானது. காணும் பொங்கலில் உறவினரைப் பார்ப்பதே முக்கியம். வானியல், வேளாண்மை, தெய்வ வழிபாடு, உறவு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இதில் ஒரு இழையை மட்டும் உருவி எடுத்து, இதுதான் மூலம் என்று காட்டுவது எளிதல்ல.

பொங்கலை மறுப்பவர்கள் சூரிய இழையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேத ஆதாரம் குறைவில்லை. வானத்துச் சுடர்களை வணங்கக் கூடாது என்று உபாகமம் 4ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கு நோக்கிச் சூரியனைப் பணிந்த மனிதர்களை எசேக்கியேல் 8ஆம் அதிகாரம் அருவருப்போடு காட்டுகிறது. பிற இனத்தார் தங்கள் தெய்வங்களைச் சேவித்த முறையைக் கேட்டறிந்து அதுபோல் செய்யாதே என்கிறது உபாகமம் 12. குடும்பத்தின் எதிர்ப்பைத் தாங்கி விசுவாசத்துக்கு வந்த ஒருவர் இந்தப் பகுதிகளை வாசித்துவிட்டு, பொங்கல் பானையிலிருந்து விலகி நிற்பதைக் குறுகிய மனம் என்று தள்ளிவிட முடியாது. விட்டு வந்ததன் விலை அவருக்குத்தான் தெரியும்.

மறுபக்கம், பொங்கல் தமிழர் பண்பாட்டு விழா, சமயம் அதில் பிற்சேர்க்கை என்று வாதிடுவோர் உள்ளனர். மலாயாவில் இந்தக் கருத்துக்கு வலுவான வரலாறு உண்டு. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952இல் தொடங்கிவைத்த தமிழர் திருநாள், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடில்லாமல் தமிழர் ஒன்றுகூடத் தைப் பொங்கலை நாளாகக் கொண்டது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பரவியது. கிறிஸ்தவத் தமிழர்களுக்கு அது பொதுவாசலைத் திறந்தது. எனினும் இந்த வாதத்திலும் ஒரு குறை உண்டு. வாசலில் பானை வைத்து, பொங்கியதும் கிழக்கே கைகூப்பும் இந்துத் தாய்க்கு அது வழிபாடுதான். அவருடைய பக்தியைப் பிற்சேர்க்கை என்று சொல்வது அவருக்குச் செய்யும் நியாயமல்ல. 2020 ஜனவரியில் மலேசியக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று பொங்கலைச் சமய விழா என்று வகைப்படுத்தி, முஸ்லிம்கள் அதைக் கொண்டாடக் கூடாது என்ற தீர்ப்பைப் பள்ளிகளுக்கு எடுத்துச் சொன்னபோது, இதே கேள்வி நாடு முழுவதும் விவாதமானது. கிறிஸ்தவர்களுக்குள் நீண்ட நாளாக நடந்துவந்த வழக்கு அப்போது பொதுவெளியில் கேட்டது.

கத்தோலிக்கத் திருச்சபையின் பதில் இவ்விரண்டிலும் சேராதது. அது விழாவின் மூலத்தை மறுப்பதில்லை. விழா யாரை நோக்கி வைக்கப்படுகிறது என்பதை மாற்றுகிறது. இந்த அணுகுமுறை சுங்கை வேயிலோ கோலாலம்பூரிலோ தோன்றியதல்ல. 1606இல் மதுரை வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, தம் கிறிஸ்தவர்கள் சிலுவை ஒன்றை நட்டு, அதன் அடியில் பாலும் அரிசியும் பொங்கவைத்துக் கொண்டாட இடம் கொடுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் மதுரைப் பக்கத்தில் கண்ட இந்த வழி இன்றைய மலேசியப் பங்குகளின் வழக்கத்தோடு எவ்வளவு நெருங்கி இருக்கிறது என்பது மனத்தைத் தொடுகிறது.

ஆனால் அந்த வழி தடையின்றித் தொடரவில்லை. நொபிலி தம் கிறிஸ்தவர்களுக்கு விட்டுவைத்த பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றை 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி நிபந்தனைகளோடு அனுமதித்தார். 1703இல் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரி வந்த தூர்னோன், அடுத்த ஆண்டு உள்ளூர் வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பின் 1744இல் 14ஆம் பெனடிக்ட் அந்தத் தடைகளைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தினார். இந்தச் சடங்குகளை அனுமதிக்க மாட்டோம் என்று மறைப்பணியாளர்கள் சத்தியம் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. 1940இல்தான் அந்தச் சத்தியம் நீக்கப்பட்டது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு மக்களின் பண்பாடுகளுக்கு இடம் தந்தது. 1969இல் இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு வழிபாட்டுத் தகவமைப்புகளுக்கு ரோம் ஒப்புதல் அளித்தது. ஆகவே கோயில் வளாகத்தில் பானை ஏற்றும் கத்தோலிக்கர்கள் புதுமை எதையும் புகுத்தவில்லை. இழந்து, வாதாடி, மீண்டும் பெற்ற ஒன்றைத்தான் செய்கிறார்கள்.

புரோட்டஸ்டண்ட் மரபிலும் இந்தப் போராட்டம் நடந்தது. 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய லுத்தரன் பணி, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் சீயோன் தேவாலயம் வரை வந்திருக்கிறது. அந்த மரபில் வளர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் தமிழ்க் கீர்த்தனைகளையும் பண்டிகைகளில் பூவையும் குறை கூறியபோது, அவை தமிழரின் வழக்கம், அஞ்ஞானமல்ல என்று எதிர்த்து எழுதினார். சாதி வழக்கத்தையும் அவர் அதே மூச்சில் காத்தார் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. பண்பாடு என்ற பெயரில் எதையும் அப்படியே உள்ளே விட்டால் என்ன நேரும் என்பதற்கு அதுவே சான்று.

திருநெல்வேலிச் சபைகள் வேறொரு வழி கண்டன. அவை பொங்கலுக்கு மாற்றாக அறுப்பின் பண்டிகையை வளர்த்தன. முதற்பலன்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைத்து, ஏலம் விட்டு, அசனத்தில் ஊரே ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கம் அது. வேதத்தின் முதற்பலன் காணிக்கையே இதற்கு ஆதாரம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் தேவாலயத்தில் அறுவடை ஆராதனை நடத்தும் ஆங்கில வழக்கம், 1843இல் கார்ன்வாலின் மோர்வென்ஸ்டோவில் ராபர்ட் ஹாக்கர் என்ற போதகர் உருவாக்கியது. அதற்கும் பழைய கிராமத்து அறுவடைக் கொண்டாட்டங்களே பின்னணி. கூடாரப் பண்டிகை முதலிய இஸ்ரயேலின் விழாக்களும் முதலில் நிலத்தை ஒட்டிய அறுவடை விழாக்களாக இருந்து, பிறகு எகிப்திலிருந்து மீண்ட வரலாற்றோடு இணைக்கப்பட்டவை என்று பழைய ஏற்பாட்டு ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தூய மூலம் தேடிப் பின்னோக்கிப் போகிறவர்கள் ஒவ்வொரு படியிலும் வயலையே சந்திக்கிறார்கள்.

இந்தத் தேடல் கிறிஸ்துமஸையும் விட்டுவைப்பதில்லை. டிசம்பர் 25ஐக் கிறிஸ்து பிறப்போடு சேர்த்துச் சொல்லும் மிகப் பழைய ரோமப் பட்டியல், கி.பி. 354ஆம் ஆண்டுத் தொகுப்பில் கிடைக்கிறது. அதே தொகுப்பின் நாட்காட்டி அந்தத் தேதியில் 'வெல்லப்படாதவனின்' பிறந்தநாளையும் காட்டுகிறது. வெல்லப்படாத சூரியன் என்பதே பொதுவான விளக்கம். அந்தச் சூரிய வழிபாட்டை 274இல் ரோமப் பேரரசன் அவ்ரேலியன் அரசின் பெயரால் நிலைநாட்டியிருந்தான். கிறிஸ்தவர்கள் அந்த விழாவை எடுத்து மாற்றினார்கள் என்பது ஒரு கருத்து. மார்ச் 25இல் கிறிஸ்து கருவானார் என்று கணக்கிட்டு ஒன்பது மாதம் கூட்டியதே தேதியின் காரணம் என்பது இன்னொன்று. 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை லியோ, பேதுரு ஆலயப் படிகளில் நின்று உதயசூரியனைத் திரும்பிப் பார்த்து வணங்கிய கிறிஸ்தவர்களைக் கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் கண்டித்திருக்கிறார். விழாவை விட்டுவிடச் சொல்லவில்லை. வணக்கத்தை விடச் சொன்னார்.

வானியலைப் பார்த்தால் இரண்டு விழாக்களும் இன்னும் நெருங்குகின்றன. டிசம்பர் 25 ரோமர் குளிர்கால ஞாயிற்றுத் திருப்பத்துக்கு வைத்திருந்த தேதி. சூரியன் மகரத்தில் நுழையும் நாளும் சுமார் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அதே திருப்பத்தோடு பொருந்தியிருந்தது. பூமி அச்சின் மெதுவான சுழற்சியால், விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் நம் பஞ்சாங்கத்தில் அது பின்தள்ளி ஜனவரி 14, 15க்கு வந்துவிட்டது. சூரியன் வடக்கே திரும்பும் அதே நிகழ்வைச் சுற்றியே ரோமும் தமிழகமும் தங்கள் நாட்களைக் குறித்திருக்கின்றன. சூரியனைக் காரணம் காட்டித் தையை மட்டும் தள்ளி டிசம்பரை வைத்துக்கொள்வது கடினம். சில கிறிஸ்தவப் பிரிவினர், குறிப்பாக யெகோவாவின் சாட்சிகள், இரண்டையுமே விடுகிறார்கள். அவர்களுடைய நிலை கண்டிப்பானது, ஆனால் முரணற்றது.

கோயில் வளாகத்துப் பொங்கலில் என்ன மாறியிருக்கிறது என்பதைக் கவனித்தால் கத்தோலிக்க வாதம் தெளிவாகும். பானை, பால், வெல்லம், கரும்பு, பால் பொங்கும்போது எழும் குலவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. சூரியனுக்கான படையல் இல்லை. அதன் இடத்தில் படைத்தவருக்கு நன்றி மன்றாட்டும் குருவானவரின் ஆசியும் வருகின்றன. தோட்டத்தில் பால் மரம் சீவியவர்களுக்கும் தொழிற்சாலையில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கும் தை மாதத்தில் அறுக்க வயல் இல்லை; நெல்லுக்குச் சொன்ன நன்றி சம்பளத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் சொல்லும் நன்றியாகிவிட்டது. இந்துக் குடும்பங்களிலும் இதே மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. விழாவின் பொருள் ஒருமுறை மாறியது என்றால் மறுமுறையும் மாறலாம் என்பதற்கு இதைவிட அருகில் உள்ள சான்று தேவையில்லை.

மிஞ்சுவது பக்கத்து வீட்டுப் பொங்கல். இந்து அக்கா ஒருவர் தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவரும்போது பெந்தெகொஸ்தே வீட்டில் என்ன செய்வது? பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில் இதற்கு நேரான அறிவுரை இருக்கிறது: வைத்ததைக் கேள்வி கேட்காமல் உண்ணலாம், இது படைத்தது என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் மனசாட்சிக்காக உண்ணாமலிருக்க வேண்டும். ரோமர் 14இல் அவர் உண்பவனும் உண்ணாதவனும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க இடம் கொடுப்பதில்லை. இதை ஒட்டியே பலர் நடந்துகொள்கிறார்கள். சில வீடுகள் நன்றி சொல்லி வாங்கி உண்கின்றன. சில வாங்கிக்கொண்டு உண்பதில்லை. படையலுக்கு முன்பே அவர்களுக்கென்று தனியாக எடுத்துவைத்து, அதைச் சொல்லியே கொடுக்கும் இந்துக் குடும்பங்களும் இருக்கின்றன. டிசம்பரில் கேக்கும் முறுக்கும் எதிர்த்திசையில் போகின்றன.