வேறு ஊர்களாக நடித்த ஊர்

பினாங்குக்காரர்களோடு உட்கார்ந்து படம் பார்ப்பது மற்றவர்களுக்குப் பெரிய தொல்லை. கதாநாயகி கதறி அழுதுகொண்டிருப்பாள். நாங்கள் அவளுக்குப் பின்னால் தெரியும் தூணைக் காட்டி, "இது ஆர்மீனியன் ஸ்ட்ரீட்தானே?" "இல்லடா, கேனன் ஸ்ட்ரீட் முனை" என்று அடித்துக்கொள்வோம்.

மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் எங்கள் ஜார்ஜ் டவுன் சினிமாவில் நிறைய நடித்திருக்கிறது, ஆனால் சொந்தப் பெயரில் நடித்தது சொற்பம். 1992-இல் வந்த பிரெஞ்சுப் படம் 'இந்தோசீன்', அதில் வியட்நாம். மூன்று வருடம் கழித்து 'பியாண்ட் ரங்கூன்' படத்தில் பர்மா. 1999-இன் 'அன்னா அண்ட் த கிங்' படத்தில் பாங்காக். ஆங் லீ 2007-இல் எடுத்த 'லஸ்ட், காஷன்' படத்தில் ஈப்போவோடு சேர்ந்து ஹாங்காங். 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' வந்தபோது சிங்கப்பூர். 2015-இல் ஒளிபரப்பான 'இண்டியன் சம்மர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடருக்காகப் பினாங்கு மலை சிம்லாவாகிவிட்டது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, வாந்தியும் மயக்கமுமாக இந்தியாவை விட்டு வந்தவர் என் தாத்தா. வந்து சேர்ந்த ஊரும் இந்தியாதான் என்றால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

இத்தனை வேடம் ஏன் கிடைத்தது என்றால், எங்கள் தெருக்கள் பழசாகவே இருந்ததால்தான். அதற்குக் காரணம் ரசனையோ பாரம்பரியப் பற்றோ இல்லை, வாடகைச் சட்டம். 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகை ஏற்ற முடியாதபடி 1966-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்து வைத்திருந்தது. அந்தச் சொற்ப வாடகைக்கு ஓடு மாற்ற எந்த வீட்டுக்காரர் வருவார்? குடியிருப்பவரைக் கிளப்பிவிட்டு இடித்துக் கட்டவும் லேசில் முடியாது. அதனால் சுவரில் ஆலங்கன்று முளைத்தது, ஜன்னல் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன, உள்ளே மூன்று தலைமுறைக் குடும்பங்கள் சோறு பொங்கிக்கொண்டிருந்தன. வெளியூர்ப் படக்காரர்களுக்கு நூறு வருடத்துப் பழைய ஆசிய நகரம் ஆயத்தமாகக் கிடைத்தது.

லெய்த் ஸ்ட்ரீட்டில் இருக்கும் சியோங் ஃபாட் ஸே மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். இடிபடாமல் காக்க 1989-இல் சிலர் சேர்ந்து அதை வாங்கினார்கள். பழுதுபார்க்கும் வேலை முடியுமுன்பே 'இந்தோசீன்' குழு வந்து படம் பிடித்தது. 2018-இன் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் மாஜோங் ஆட்டம் நடப்பதும் அதே மாளிகையில்தான். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால், ஒரு வீடு முதுமையிலிருந்து இளமைக்குத் திரும்புவது தெரியும். ஊரில் எல்லாருக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை.

எனக்கு மனசைப் பிசைகிற படம் 'அன்னா அண்ட் த கிங்'. படமாக அது சுமார்தான். ஜோடி ஃபாஸ்டரும் சௌ யுன் ஃபாட்டும் என்னதான் முயன்றாலும் ராஜா கதை நகரவே மாட்டேன் என்கிறது. தாய்லாந்து அரசு தன் மண்ணில் எடுக்க அனுமதி தராததால் குழு மலேசியாவுக்கு வந்தது, ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பாங்காக் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு பாங்காக் என்றால் மின்கம்பி தெரியக் கூடாது, பெயர்ப் பலகை தெரியக் கூடாது, பெப்சி குடை தெரியக் கூடாது. அதாவது, நான் தேடுகிற எதுவுமே தெரியக் கூடாது. ஆனாலும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். கூட்டம் ஓடுகிற ஒரு காட்சியில், கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையின் ஓரமும், அடியில் காரை பெயர்ந்த ஒரு தூணும் ஒரு நொடிக்குத் தெரிந்து மறையும். அந்த மாதிரி ஒரு தூணை ஒட்டித்தான் கடையநல்லூர் நானா ஒருவர் தையல் மிஷின் போட்டிருந்தார். தூணில் ஆணி அடித்து, வெட்டித் தைத்த துணியின் ஓரங்களைக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார். பள்ளிக்கூடக் கால்சட்டையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கித் தருவதற்கு அவர் வாங்கியது அம்பது காசு. "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்துவிடுவார். படத்தில் அவரும் இல்லை, மிஷினும் இல்லை. அந்த ஆணி இருக்குமோ என்றுதான் உற்றுப் பார்க்கிறேன்.

அந்தப் படம் திரைக்கு வந்தது 1999 டிசம்பரில். அதே மாதக் கடைசியோடு வாடகைக் கட்டுப்பாடு முடிந்தது. 2000 ஜனவரி முதல் தேதியிலிருந்து வீட்டுக்காரர் கேட்டதுதான் வாடகை. சில குடும்பங்கள் ஒரே மாதத்தில் கிளம்பின, சிலர் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். அடுக்குமாடிகளுக்கும் கடல் தாண்டிப் பெருநிலத்துக்கும் சிதறிப்போனார்கள். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ எங்கள் ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது கட்டடங்கள் தப்பின. அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் யாருக்காக அந்தத் தெருவுக்குப் போவோமோ அவர்கள் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். இப்போது ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில், சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போகும் சுவரோவியத்தின் முன்னால் சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். காப்பி விலையைக் கேட்டால் நானா மிஷினை நிறுத்திவிடுவார்.

பழைய காலத்துக் கதைகளுக்கு ஒத்துவராத அடையாளங்கள் என்று சில உண்டு, எங்களுக்கு உயிர் அவைதான். 1974-இல் 65 மாடிக் கட்டடமாகக் கட்டத் தொடங்கிய கொம்தார் தலைகாட்டினாலே ராஜா கதை கெட்டுவிடும். கார் ஏற்றும் ஃபெரியும் அப்படித்தான். பாலம் 1985-இல் திறந்த பிறகும் நாங்கள் ஃபெரியைத்தான் விரும்பினோம். அப்போது பெருநிலத்தின் பட்டர்வொர்த் பக்கம் மட்டும்தான் காசு, தீவிலிருந்து திரும்பி வருவது ஓசி. இரும்புப் பலகை 'தடால்' என்று விழும், கார்கள் ஒவ்வொன்றாக ஏறும், டீசல் வாடையோடு கடல்காற்று அடிக்கும். கம்பியைப் பிடித்துக் குனிந்தால் கீழே ஜெல்லிமீன்கள் மிதக்கும். 'புலாவ் ரிமாவ்', 'புலாவ் அங்சா' என்று அந்த ஃபெரிகளுக்கெல்லாம் தீவுகளின் பெயர். 2020 டிசம்பர் 31-ஓடு அந்த ஃபெரிகளில் கார் ஏற்றுவது நின்றது. 2023-இல் புதிய ஃபெரிகள் நான்கு வந்தன, ஆளும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும் போகலாம். தீவில் நடக்கும் தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்குக் குடும்பத்தையே காரில் அடைத்துக்கொண்டு கடல்மேல் போன பிழைப்பு அதோடு சரி.

ஆனால் இதெல்லாம் பதிவான படங்கள் இல்லாமல் இல்லை. கல்யாண வீடியோக்களைச் சொல்கிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் வீடியோக்காரர் வராமல் இருக்க மாட்டார். மூன்று மணி நேர கேசட்டை எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டுமே! பூ ஒட்டிய மாப்பிள்ளைக் கார் ஃபெரியில் ஏறுவதை எடுப்பார். காத்திருக்கும் நேரத்தில் கேமராவைத் தீவின் பக்கம் திருப்பிக் கொம்தாரை எடுப்பார். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் கடைத்தெருவையும், பித்தளைப் பாத்திரக் கடையையும், கேசட் கடையையும், யாரென்றே தெரியாத ஒரு கிழவர் பல்குத்திக்கொண்டு நிற்பதையும் எடுப்பார். பின்னணியில் இளையராஜா பாட்டு. இதில் பினாங்கு பினாங்காகவே நடித்திருக்கிறது, சம்பளம் இல்லாமல்.

என் சித்தி கல்யாண கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. கோலாலம்பூரில் இதைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தரும் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனேன். பையன் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள், தாலி கட்டுறது நல்லா இருக்கு. முன்னாடி சும்மா ரோடு, ஃபெரின்னு இருவது நிமிஷம் ஓடுது. அதை வெட்டிடட்டுமா?" என்றான்.

"தாலி கட்டுறதை வேணும்னா வெட்டிக்கப்பா. ரோட்டை விட்டுடு" என்றேன்.

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். "எப்படி வெட்டினாலும் அதே காசுதான் அங்கிள்" என்று சொல்லிவிட்டு ரசீது எழுத ஆரம்பித்தான்.